மொய் நோட்டில் மாட்டிய திருடன்: மவுண்ட் காக்ஸ் பிட்காயின்கள் போன வழி

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு திருட்டைப் பத்தி. வழக்கமான திருட்டுக் கதையில சுவரை உடைப்பாங்க, லாக்கரை அறுப்பாங்க, நகை எந்தப் பக்கம் போச்சுன்னு யாருக்கும் தெரியாது. இதுல எல்லாமே தலைகீழ். திருடுபோன ஒவ்வொரு காசும் எங்கிருந்து எங்கே போச்சுன்னு உலகத்துல யார் வேணும்னாலும் பார்க்கலாம். இன்டர்நெட் இருந்தா போதும். அப்படி இருந்தும், திருட்டு ஆரம்பிச்சு சுமார் இரண்டரை வருஷம் வரைக்கும் பணத்தைப் பறிகொடுத்தவங்களுக்கே விஷயம் தெரியல.

2014 பிப்ரவரி. டோக்கியோவில் ஷிபுயா பகுதி. மவுண்ட் காக்ஸ் என்ற நிறுவனத்தின் ஆபீஸ் வாசலில், பனி கொட்டும்போது ஒருத்தர் கையில் அட்டையோடு நிற்கிறார். எங்க பணம் எங்கேன்னு அதில் எழுதியிருக்கு. இதைக் கேட்கறதுக்காகவே லண்டன்லேர்ந்து விமானம் ஏறி வந்தவர் அவர். அவர் கேட்ட கேள்விக்கு அந்தக் கட்டிடத்துக்குள்ளே இருந்த யாரிடமும் சரியான பதில் இல்லை. சில வருஷம் கழிச்சு பதில் கிடைச்சது, ஆனா போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்தோ கோர்ட்லேர்ந்தோ இல்லை. அதே ஊர்ல இருந்த, அதே மாதிரி பணத்தைத் தொலைச்ச ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர்கிட்டேர்ந்து வந்தது.

பேர் இல்லாத மொய் நோட்டு

கதைக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தைத் தெளிவு பண்ணிக்குவோம். பிட்காயின்னா யாராலும் கண்டுபிடிக்க முடியாத ரகசியப் பணம்னு ரொம்ப நாளா ஒரு நம்பிக்கை இருக்கு. உண்மை கிட்டத்தட்ட இதுக்கு எதிர்ப்பக்கம்.

நம்ம ஊர் கல்யாண மொய் நோட்டை நினைச்சுப் பாருங்க. யார் எவ்வளவு வெச்சாங்கன்னு வரிசையா எழுதியிருக்கும். இருபது வருஷம் கழிச்சு எடுத்துப் பார்த்தாலும் கணக்கு இருக்கும். பிளாக்செயினும் அப்படி ஒரு நோட்டுதான். ஆனா மூணு வித்தியாசம். ஒண்ணு, அந்த நோட்டின் நகல் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கு. இரண்டு, எழுதினதை யாராலும் அழிக்க முடியாது. மூணு, அதில் பேருக்குப் பதிலா எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான அட்ரஸ் மட்டும்தான் இருக்கும். ஒருத்தர் எத்தனை அட்ரஸ் வேணும்னாலும் வெச்சுக்கலாம். ஒவ்வொரு அட்ரஸுக்கும் ஒரு ரகசியச் சாவி. சாவி யார்கிட்ட இருக்கோ அவங்கதான் செலவு பண்ண முடியும்.

அப்போ துப்பு துலக்கறதுன்னா என்ன? இந்த நோட்டில் இருக்கிற அட்ரஸ்களில் எவை எல்லாம் ஒரே ஆளுடையவைன்னு கண்டுபிடிக்கணும். அப்புறம் அந்த ஆளுக்குப் பேர் கண்டுபிடிக்கணும். இவ்வளவுதான் வேலை. சொல்றதுக்கு இரண்டு வரி, செய்யறதுக்கு வருஷங்கள்.

முதல் பாதிக்கு ஒரு எளிய தந்திரம் உண்டு. நீங்க மூணு உண்டியலை உடைச்சு, மூணுலேயும் இருந்த சில்லறையைச் சேர்த்து ஒரே பொருள் வாங்கினா, மூணு உண்டியலும் உங்களுடையதுன்னு கடைக்காரர் யூகிக்கலாம். பிட்காயினிலும் ஒரே டிரான்சாக்ஷனில் பல அட்ரஸ்களிலிருந்து பணம் சேர்ந்து போனா, அந்தச் சாவிகள் எல்லாம் ஒரே கையில் இருக்குன்னு எடுத்துக்கலாம். சுவாரஸ்யம் என்னன்னா, இது பின்னாளில் யாரோ கண்டுபிடிச்ச ஓட்டை இல்லை. பிட்காயினை உருவாக்கின சதோஷி நகமோட்டோ, 2008-ல் வெளியிட்ட அந்த ஒன்பது பக்கக் கட்டுரையிலேயே இப்படி ஒரு தொடர்பு வெளியே தெரியறதைத் தவிர்க்க முடியாதுன்னு எழுதிட்டார். படிச்சவங்க பெருசா எடுத்துக்கல, அவ்வளவுதான்.

இரண்டாவது தந்திரம் மீதிச் சில்லறை. 80 ரூபாய் பொருளுக்கு 100 ரூபாய் நோட்டைக் கொடுத்தா 20 ரூபாய் உங்ககிட்டயே திரும்பி வரும் இல்லையா? பிட்காயினிலும் மீதி, அனுப்பினவருடைய புது அட்ரஸ் ஒண்ணுக்குத் திரும்பி வரும். எது மீதி, எது கொடுத்த தொகைன்னு பிரிச்சுட்டா அந்த ஆளோட அடுத்த அட்ரஸும் கையில்.

2013-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் சாரா மைக்கிள்ஜான் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் இந்த இரண்டு தந்திரத்தையும் பெரிய அளவில் செஞ்சு பார்த்தாங்க. பேர் ஒட்டறதுக்கு அவங்க பிடிச்ச வழி ரொம்ப நேரடியானது. தாங்களே பிட்காயின் எக்ஸ்சேஞ்சுகளில் கணக்கு திறந்து, கடைகளில் பொருள் வாங்கி, மொத்தம் 344 டிரான்சாக்ஷன் பண்ணினாங்க. நாம காசு கொடுத்த அட்ரஸ் எந்தக் கடையுடையதுன்னு நமக்குத் தெரியும்தானே? அந்த ஒரு அட்ரஸை வெச்சு, அதே குழுவில் சேருகிற லட்சக்கணக்கான அட்ரஸ்களுக்கும் அதே பேரை ஒட்டிடலாம்.

தள்ளாடின கோட்டை

இப்போ மவுண்ட் காக்ஸுக்கு வருவோம். பேரைக் கேட்டா ஏதோ மலைன்னு தோணும். மேஜிக் தி கேதரிங்னு ஒரு சீட்டு விளையாட்டு இருக்கு. அந்தச் சீட்டுகளை ஆன்லைனில் வாங்கி விற்கறதுக்காக ஜெட் மெக்கேலப் என்பவர் பதிவு பண்ணின வெப்சைட் பேரின் சுருக்கம்தான் அது. 2010 ஜூலையில் அதே பேரில் பிட்காயின் எக்ஸ்சேஞ்ச் தொடங்கினார். 2011 மார்ச்சில், ஜப்பானில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் மார்க் கார்ப்பெலஸ் கைக்கு அது மாறியது. 2013 வாக்கில் உலகத்துல நடந்த பிட்காயின் வியாபாரத்தில் சுமார் 70 சதவீதம் இந்த ஒரே இடத்தில்தான் நடந்ததுன்னு சொல்வாங்க.

2014 பிப்ரவரி 7. யாரும் பிட்காயினை வெளியே எடுக்க முடியாதுன்னு மவுண்ட் காக்ஸ் நிறுத்தி வைத்தது. மாசக் கடைசியில் வெப்சைட்டே காணோம். பிப்ரவரி 28-ல் டோக்கியோ கோர்ட்டில் திவால் பாதுகாப்பு கேட்டு மனு. காணாமல் போனது 8,50,000 பிட்காயின். அதில் 7,50,000 வாடிக்கையாளர்களுடையது. அன்னைக்கு விலையில் 50 கோடி டாலருக்கு நெருக்கமான தொகை. கொஞ்ச நாளில் ஒரு பழைய வாலட்டில் 2,00,000 பிட்காயின் இருந்ததுன்னு அறிவிச்சாங்க. வீட்டைச் சுத்தம் பண்ணும்போது பழைய சட்டைப்பையில் 500 ரூபாய் கிடைச்ச மாதிரி! இதைக் கேட்டதும் ஜனங்களுக்குச் சந்தேகம் இன்னும் அதிகமாச்சு. மீதி 6,50,000 எங்கே?

நிறுவனம் சொன்ன காரணம் ஒரு தொழில்நுட்பக் கோளாறு. டிரான்சாக்ஷனின் அடையாள எண்ணை ஹேக்கர்கள் மாற்றி, பணம் வரலைன்னு பொய் சொல்லி இரண்டாவது தடவை வாங்கிட்டாங்கன்னு விளக்கம் கொடுத்தாங்க. இங்கேதான் பேர் இல்லாத மொய் நோட்டு முதல் தடவையா சாட்சி சொன்னது. ஸ்விட்சர்லாந்தின் சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் டெக்கர், ரோஜர் வாட்டன்ஹோஃபர் என்ற இரண்டு பேர் அந்த மாதிரி தாக்குதல்களை ஏற்கனவே பதிவு பண்ணிக்கிட்டிருந்தாங்க. மவுண்ட் காக்ஸ் கதவை மூடும் முன்னாடி, அந்த வழியில் அதிகபட்சம் 386 பிட்காயின்தான் போயிருக்க முடியும்னு அவங்க கணக்கு காட்டினது. 6,50,000 எங்கே, 386 எங்கே?

அப்போ பொய் சொல்றாங்கன்னுதானே நினைப்போம்? எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க. கார்ப்பெலஸே எல்லாத்தையும் அமுக்கிட்டார்ங்கறது இன்டர்நெட் முழுக்கப் பேச்சு. 2015 ஆகஸ்டில் ஜப்பான் போலீஸ் அவரைக் கைது பண்ணினது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் காவலில் இருந்தார்.

நேரம் இருந்த ஒரு இன்ஜினியர்

கிம் நில்சன் டோக்கியோவில் வாழ்ந்த ஸ்வீடன் நாட்டு சாஃப்ட்வேர் இன்ஜினியர். அவருடைய சில பிட்காயின்களும் மவுண்ட் காக்ஸில் போச்சு. பெரிய தொகை இல்லை. புதிர்தான் அவரை விடல. நண்பர்கள் சிலரோடு சேர்ந்து விஸ்செக் என்ற குழுவில் இதைத் தோண்ட ஆரம்பிச்சார். யாரும் சம்பளம் கொடுக்கல. மொத்த பிளாக்செயினையும் இறக்கி, வேகமா தேடறதுக்கு வசதியா ஒரு புரோகிராமைத் தானே எழுதிக்கிட்டார்.

முதல் பிரச்சனை, மவுண்ட் காக்ஸின் அட்ரஸ்கள் எவை? லட்சக்கணக்கில் இருக்கும், பட்டியல் கிடையாது. அதுக்கு உதவினது இன்னொரு ஹேக். 2014 மார்ச்சில் யாரோ கார்ப்பெலஸின் வலைப்பதிவை உடைச்சு, நிறுவனத்தின் வியாபாரப் பதிவுகளை வெளியே போட்டிருந்தாங்க. இன்ன தேதி, இன்ன நேரம், இவ்வளவு டெபாசிட், இவ்வளவு எடுப்புன்னு அதில் இருந்தது. அதே நேரம், அதே தொகை பிளாக்செயினில் எந்த அட்ரஸில் இருக்குன்னு ஒப்பிட்டா, அந்த அட்ரஸ் மவுண்ட் காக்ஸுடையது. அங்கேர்ந்து உண்டியல் தந்திரத்தை வெச்சு வலையை விரிச்சுக்கிட்டே போகலாம்.

அடுத்து அவர் போட்ட கணக்கு ரொம்ப எளிமையானது, எனக்கு இந்தக் கதையிலேயே பிடிச்சதும் இதுதான். ஒவ்வொரு நாளும் வாடிக்கையாளர் கணக்குப்படி எவ்வளவு இருக்கணும்? அந்த அட்ரஸ்களில் உண்மையில் எவ்வளவு இருக்கு? இரண்டு கோடு வரைஞ்சு பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தார். மளிகைக் கடையில் ராத்திரி கல்லா கட்டும்போது பண்ற அதே வேலை. 2015 ஏப்ரலில் விஸ்செக் இதை வெளியிட்டது. இரண்டு கோடும் 2014-ல் பிரியல. 2011 கடைசியிலேயே பிரிய ஆரம்பிச்சிருக்கு.

அதாவது, நிறுவனத்தின் கல்லாவில் 2011-லேயே ஓட்டை. 2013-ல் புதுசா வந்து பணம் போட்ட ஒவ்வொருத்தரும், ஏற்கனவே காலியாகிக்கிட்டிருந்த பெட்டியில்தான் போட்டாங்க. புது ஆள் போட்டதை எடுத்துப் பழைய ஆளுக்குக் கொடுக்கிற வரைக்கும் வெளியே ஒண்ணும் தெரியாது. எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கும்போதுதான் தெரியும்.

நில்சன் மேற்கொண்டு கண்டுபிடிச்சது இது. 2011 செப்டம்பரில் யாரோ மவுண்ட் காக்ஸ் சர்வரிலிருந்து ஒரு வாலட் ஃபைலை நகல் எடுத்திருக்காங்க. கல்லாப்பெட்டிச் சாவிக்கொத்தை மெழுகில் அச்சு எடுக்கற மாதிரி. அந்தக் கொத்தில் அன்னைக்குப் புழக்கத்தில் இருந்த சாவிகள் மட்டும் இல்லை, பின்னாடி பயன்படுத்தறதுக்குன்னு முன்கூட்டியே உருவாக்கி வெச்ச சாவிகளும் இருந்தன. அதனால் திருடன் ஒரே நாளில் அள்ளிக்கிட்டு ஓட வேண்டிய அவசியமே இல்லை. புது டெபாசிட் வர வர, நடுவில் சில இடைவெளி விட்டு, 2013 நடுப்பகுதி வரைக்கும் எடுத்துக்கிட்டே இருந்தான். மொத்தம் சுமார் 6,30,000 பிட்காயின்.

இதில் இன்னொரு கூத்து. திருடனும் நிறுவனமும் ஒரே சாவிக்கொத்தை வெச்சிருந்ததால், திருடன் செலவு பண்ணினதில் வந்த மீதிச் சில்லறை, சில சமயம் மவுண்ட் காக்ஸ் வாடிக்கையாளர்களுக்கு ஒதுக்கின அட்ரஸுக்கே வந்து விழுந்திருக்கு. சிஸ்டம் அதை டெபாசிட்னு நினைச்சு, சம்பந்தமே இல்லாதவங்க கணக்கில் வரவு வெச்சிருக்கு. அந்தக் குழப்பத்தால் மட்டும் இன்னொரு 40,000 பிட்காயின் அளவுக்குக் கணக்கு உதைச்சது. அப்பவும் யாரும் உட்கார்ந்து சரிபார்க்கல.

பேர் எப்படிக் கிடைச்சது

அட்ரஸ் தெரிஞ்சாச்சு, ஆள் தெரியல. காசு போன பாதையைப் பின்தொடர்ந்தப்போ சுமார் 3,00,000 பிட்காயின் பிடிசி-இ என்ற எக்ஸ்சேஞ்சுக்குப் போயிருந்தது. அடையாள அட்டை எதுவும் கேட்காம வியாபாரம் பண்ண விட்ட இடம்னு அது பேர் வாங்கியிருந்தது. சில காசுகள் அங்கே சாதாரண வாடிக்கையாளர் அட்ரஸுக்குப் போகாம நேரா நிறுவனத்தின் உள் சேமிப்புக்கே போயிருந்தன. வெளியாள் சமையல்கட்டு வரைக்கும் வர்றார்னா, அவர் வெளியாள் இல்லைதானே?

ஆனா உண்மையான தடயம் வேற இடத்தில் இருந்தது. திருடின காசில் ஒரு பகுதி விற்பனைக்காக மவுண்ட் காக்ஸுக்கே திரும்பி வந்திருக்கு! திருடின செயினை, அதே வீட்டுக்காரர் நடத்துற அடகுக்கடையில் வெச்ச கதை. அப்படி வந்த கணக்குகளை, ஆன்லைனில் டபிள்யூ.எம்.இ. என்ற புனைபெயரில் உலாவின ஒருத்தரோடு நில்சனால் சேர்க்க முடிஞ்சது. அந்த ஆள் முன்னாடியே, இன்னொரு எக்ஸ்சேஞ்ச் தன் காசை முடக்கி வெச்சிருக்குன்னு பொதுவெளியில் சண்டை போட்டு, அதுக்கு ஆதாரமா ஆவணங்களையும் போட்டிருந்தார். அதில் உண்மைப் பேர் இருந்தது. அலெக்சாண்டர் வின்னிக். ரஷ்யர்.

இவ்வளவு கணிதம், இவ்வளவு புரோகிராம் எழுதி, கடைசியில் பேர் கிடைச்சது ஒரு மனுஷன் கோவத்தில் போட்ட புகாரிலிருந்து. பிளாக்செயின் ஆய்வில் திரும்பத் திரும்ப நடக்கறது இதுதான்னு நான் நினைக்கறேன். நோட்டு உங்களை ஒரு கதவு வரைக்கும் கூட்டிட்டுப் போகும். கதவுக்குப் பின்னாடி இருக்கிறவர் பேரை ஒரு எக்ஸ்சேஞ்சின் பதிவோ, ஒரு ஈமெயிலோ, அவரோட வாயோதான் சொல்லும்.

நில்சன் அந்தப் பேரை உடனே வெளியே சொல்லல. விசாரணை கெட்டுடக்கூடாதுன்னு அதிகாரிகளிடம் கொடுத்துட்டு அமைதியா இருந்தார். 2017 ஜூலை 25-ல், கிரேக்க நாட்டின் வடக்கே கடற்கரைப் பகுதியில் குடும்பத்தோடு விடுமுறையில் இருந்த வின்னிக்கை, அமெரிக்கா கேட்டுக்கொண்டதன்பேரில் கைது பண்ணினாங்க. பிடிசி-இ இழுத்து மூடப்பட்டது.

சரி, நீதி கிடைச்சதா?

வின்னிக் மேல் வந்த குற்றச்சாட்டு பணச் சலவை. மவுண்ட் காக்ஸை ஹேக் பண்ணினார்ங்கறது இல்லை. பிரான்ஸில் 5 வருஷத் தண்டனை, பிறகு 2022-ல் அமெரிக்கா. 2024 மே மாசம் பணச் சலவைச் சதியை ஒப்புக்கொண்டார். பிடிசி-இ வழியா 900 கோடி டாலருக்கு மேல் புரண்டதுன்னு அமெரிக்க நீதித்துறை சொன்னது. ஆனா தீர்ப்புக் கூறும் முன்னாடியே, 2025 பிப்ரவரியில், ரஷ்யச் சிறையில் இருந்த ஒரு அமெரிக்க ஆசிரியருக்குப் பதிலா வின்னிக்கை ரஷ்யாவுக்கு அனுப்பிட்டாங்க. ஹேக் சம்பந்தமா 2023 ஜூனில் வேறு இரண்டு ரஷ்யர்கள் மேல் இருந்த குற்றச்சாட்டை அமெரிக்கா வெளியிட்டது. அதில் குறிப்பிட்ட எண்ணிக்கை சுமார் 6,47,000 பிட்காயின். நில்சனும் நண்பர்களும் வீட்டில் உட்கார்ந்து போட்ட கணக்குக்கு எவ்வளவு பக்கத்துல இருக்கு பாருங்க.

கார்ப்பெலஸ்? 2019 மார்ச்சில் டோக்கியோ நீதிமன்றம் அவர் கணினிப் பதிவுகளைத் திரித்தது குற்றம்னு சொல்லி, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை கொடுத்தது. கையாடல் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை. அவர் சுத்தமான ஆள்னு நான் சொல்ல வரல. மத்தவங்க காசை வெச்சுக்கிட்டு கல்லா கட்டாம இருந்தது சின்னத் தப்பு இல்லை. ஆனா அலட்சியம் வேற, திருட்டு வேற. அந்த வித்தியாசத்தைக் காட்டினது அழிக்க முடியாத அந்த நோட்டு. குற்றவாளியைக் காட்டறது மட்டும் இல்லை, குற்றவாளி இல்லாதவரைக் காட்டறதும் துப்பறியறதுதான்.

பணத்தைத் தொலைச்சவங்களுக்கு 2024 ஜூலையில்தான் பிட்காயினாகத் திரும்பக் கிடைக்க ஆரம்பிச்சது. பத்து வருஷம். அதுவும் எங்கேர்ந்து வந்த பணம்? அந்தப் பழைய வாலட்டில் தற்செயலா மிஞ்சின 2,00,000-லேர்ந்து. துப்பு துலக்கி மீட்டது இல்லை. பாதை தெரிஞ்சதுக்குள்ள திருட்டுக் காசு விற்றுத் தீர்ந்திருந்தது.

இதோடு ஒப்பிட, 2016 ஆகஸ்டில் பிட்ஃபினெக்ஸ் எக்ஸ்சேஞ்சில் 1,19,754 பிட்காயின் திருடுபோச்சு. அந்தத் திருடன் பெரும்பகுதியை விற்க முடியாம வெச்சிருந்தான். எக்ஸ்சேஞ்சுகள் அடையாளம் கேட்க ஆரம்பிச்சிருந்தன, திருட்டு அட்ரஸ்களை எல்லாரும் கவனிச்சுக்கிட்டிருந்தாங்க. 2022-ல் நியூயார்க்கில் ஒரு தம்பதி கைதானப்போ 94,000-க்கும் மேற்பட்ட பிட்காயின் மீட்கப்பட்டது. ஒரே மாதிரியான நோட்டுதான், ஒரே மாதிரியான தந்திரம்தான். திருட்டுக் காசை மாற்றித் தர ஒரு கதவு திறந்திருந்ததா இல்லையாங்கறதுதான் வித்தியாசம்.

நமக்கு இதில் என்ன இருக்கு? 2024 ஜூலை 18-ல் வஜீர்எக்ஸில் சுமார் 23.5 கோடி டாலர் போனப்போ, கேட்டுக்கிட்டிருக்கிற உங்களில் சிலருக்கோ உங்க ஃப்ரெண்ட்ஸுக்கோ அதில் பணம் மாட்டியிருக்கும். ஆறு மாசத்துக்குள்ள, அது வட கொரிய ஹேக்கர்கள் வேலைன்னு அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூணு நாடும் சேர்ந்து அறிவிச்சாங்க. யார்னு தெரிஞ்சுடுச்சு. ஆனா பியோங்யாங் போய் யார் கேட்கறது?

அதனால் உங்க காசு போனா, பிளாக்செயினில் டிரேஸ் பண்ணி மீட்டுத் தர்றோம், முதல்ல ஃபீஸ் கட்டுங்கன்னு டெலிகிராமில் வர்ற ஆளை நம்பாதீங்க. பாதையைக் காட்டறது ஒரு வேலை, பணத்தை நிறுத்தறது இன்னொரு வேலை. நிறுத்தறதுக்கு எக்ஸ்சேஞ்சோ போலீஸோதான் வேணும், அதுவும் சீக்கிரமா. 1930-க்கு அடிச்சுப் புகார் கொடுங்க. டிரான்சாக்ஷன் எண்ணையும் அட்ரஸையும் எழுதி வைங்க.

கடைசியா ஒண்ணு. இந்த நோட்டு திருடனுக்கு மட்டும் திறந்து வெச்சது இல்லை. அடையாள அட்டை கொடுத்து பிட்காயின் வாங்கின எல்லாருடைய வரவு செலவும் அதே பக்கங்களில்தான் இருக்கு. உண்டியல் தந்திரமும் நூறு சதவீதம் சரி கிடையாது. முன்பின் தெரியாத பல பேர் வேணும்னே ஒரே டிரான்சாக்ஷனில் காசைக் கலக்கறதும் உண்டு. அப்போ தப்பான ஆள் மேல் தப்பான பேர் ஒட்டலாம். நில்சன் ஒரு பேர் கையில் கிடைச்ச பிறகும் வாயை மூடிக்கிட்டு இருந்தாரே, அந்தப் பொறுமையும் இந்த வேலையில் ஒரு பகுதின்னு எனக்குத் தோணுது.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, கிரிப்டோ வாங்கலாமான்னு கேட்டுக்கிட்டே இருக்கிற அந்த ஒரு ஃப்ரெண்டுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.